23.98: ஸ்கிராப் பெட்டியில் கிடந்த நல்ல ஜாப்

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு, முதல் ஆண்டு, ஃபைலிங் (அரத்தால் ராவும்) பயிற்சி ஓடிக்கொண்டிருந்த மாதம். எம்.எஸ். பிளாட் (தட்டையான எஃகுத் துண்டு) ஒன்றை 24 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும்; அந்த வேலைத் துண்டைத்தான் ஜாப் என்போம். கூடினாலும் குறைந்தாலும் 0.04 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு ஒரு பையன் வந்து நின்றான். "சார், ஜாப் போயிருச்சுங்க சார். இன்னொரு பீஸ் வேணும்." அந்த வாரத்தில் அவன் கேட்ட மூன்றாவது பீஸ் அது. கவனம் எங்கே இருக்கிறது என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டும் முன் பார்த்தால், ஸ்கிராப் பெட்டியில் மேலாகவே அந்தப் பீஸ் கிடந்தது. ஓரத்தில் அவன் ரோல் நம்பர். வெர்னியரை (மெயின் ஸ்கேலும், அதன்மேல் நகரும் சிறு ஸ்கேலும் உள்ள அளவுக் கருவி) வைத்துப் பார்த்தேன். 23.98. நம்ப முடியாமல் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த கூடுதல் குறைவுக்குள், இருந்தன. செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன், இடைவெளி தெரியவில்லை. அந்த பேட்சிலேயே நன்றாக வந்திருந்த ஜாப்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் காலை அதே பீஸைக் கையில் கொடுத்து அளவு கேட்டேன். அவன் அளந்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிசிறைத் துடைத்தான், தாடையை நேராகப் பொருத்தினான், லாக் ஸ்குரூவைத் திருகினான், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். "23.49 சார். அரை மில்லி கம்மியாயிருச்சு."

மெயின் ஸ்கேலில் 23 தாண்டியிருந்தது. வெர்னியர் ஸ்கேலில் 49ஆவது கோடு பொருந்தியிருந்தது. இரண்டையும் சரியாகவே பார்த்திருக்கிறான். லீஸ்ட் கவுண்ட் (அந்தக் கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ., 49ஐ அதனால் பெருக்கினால் 0.98. பெருக்கலைச் செய்யாமல் கோட்டின் எண்ணைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே ஒட்டிவிட்டான். நல்ல ஜாப் குப்பைக்குப் போனது அதனால்தான். முந்தைய இரண்டு பீஸ்களும் அப்படித்தான் போயிருக்குமோ என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. அவற்றை நான் எடுத்துப் பார்க்கவே இல்லை.

இதை எழுதுவது என்னைப் போலப் பயிற்சி நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக. பையனின் பெயர், ஊர், நிலையத்தின் பெயர் எதுவும் இதில் இருக்காது. அடிப்படைத் திறன் என்று நாம் பேசும் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு எல்லாம் இல்லாதபோது, அந்தக் குறை தன் சொந்த முகத்தோடு வருவதில்லை. கவனக்குறைவு, அலட்சியம், 'கைத்திறன் போதாது' என்று வேறு ஏதாவது ஒரு பெயரில்தான் நம் முன்னால் வந்து நிற்கிறது.

தவறு எங்கிருந்து வந்தது

முதலில் எனக்குப் புரியாத விஷயம், அவன் சில நேரம் சரியாகச் சொன்னான் என்பது. அதற்கு முந்தைய மாதம் நடத்திய வாய்மொழித் தேர்வில் வெர்னியரை 24.70இல் நிறுத்திக் காட்டியிருந்தேன். பட்டென்று சொன்னான், முழு மதிப்பெண் போட்டேன். பழைய தாள்களையும் அவனுடைய ஜாப் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் அளவாகப் பார்த்தேன். 24.14 வர வேண்டிய இடத்தில் 24.7 என்று இருந்தது. 24.24 வர வேண்டிய இடத்தில் 24.12. ஆனால் 24.70 மட்டும் சரி.

50 கோடுள்ள வெர்னியரில் ஐந்து கோட்டுக்கு ஒரு முறை 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். 35ஆவது கோட்டில் 7 என்று இருக்கும். பொருந்தும் கோடு எண் போட்ட கோடாக அமைந்துவிட்டால், அந்த எண்ணை அப்படியே எழுதினாலும் விடை சரியாக வந்துவிடும். மற்ற கோடுகளில்தான் தப்பும். அதாவது ஐந்தில் ஒரு முறை தவறான வழியிலேயே சரியான விடை கிடைக்கும். பார்ப்பவருக்கு இது 'கவனம் இருந்தா போடுறான், இல்லாட்டி விட்டுடுறான்' என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தேர்வு அவனுக்குத் தெரிந்ததையும் சோதிக்கவில்லை, தெரியாததையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்புறம் அவனை உட்கார வைத்து, விடை என்ன என்று கேட்காமல், எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். முதலில் பேசவே இல்லை. கேள்வியில் கோபம் இல்லை என்று உறுதியான பிறகு சொன்னான். ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் பாடம் வந்ததாம், பொருந்துகிற கோட்டை எழுது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாராம். வீட்டில் அந்த அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பாடமே அளவீடு. அதில் வரும் வெர்னியர் அளவியில் 10 பிரிவுகள்தான், மீச்சிற்றளவு 0.01 செ.மீ., அதாவது 0.1 மி.மீ. அந்தக் கருவியில் மெயின் ஸ்கேல் 24, பொருந்தும் கோடு 7 என்றால் அளவு 24.7 மி.மீ.தான். கோட்டின் எண்ணைப் புள்ளிக்குப் பின்னால் போடுவது அங்கே முழுக்கச் சரி.

பள்ளியில் சரியாகக் கற்ற ஒன்றைத்தான் வேறு கருவிக்குக் கொண்டுவந்திருக்கிறான். போதாக்குறைக்குப் புத்தகத்தில் மீச்சிற்றளவு என்று படித்ததும், ஒர்க்‌ஷாப்பில் நான் லீஸ்ட் கவுண்ட் என்று சொல்வதும் ஒன்றுதான் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. 0.02ஆல் பெருக்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதை ஏன் விட்டான்? அவனையே பெருக்கச் சொன்னேன். 49க்கும் 2க்கும் 98 என்று சரியாகப் போட்டான். புள்ளியை எங்கே வைப்பது என்று தயங்கி 9.8 என்று எழுதினான். 23உடன் கூட்டி 32.8. அதைப் பார்த்ததும் அவனே அடித்துவிட்டான். "24 மில்லி பீஸ் எப்படிங்க சார் 32 வரும்?"

அந்த ஒரு வரியை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அளவைப் பற்றிய மதிப்பீடு அவனிடம் நன்றாகவே இருந்தது. பெருக்கினால் நடக்காத விடை வருகிறது என்று பார்த்து, பெருக்கலையே கைவிட்டு, பள்ளியில் நம்பிய பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறான். தசமப் புள்ளிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியவில்லை.

மேசையிலேயே ஒரு சோதனை

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு தாள் தயாரித்தேன். பரீட்சை என்று சொல்லவில்லை. பெஞ்ச் பக்கத்திலேயே, ஒவ்வொருவராக, இருபது நிமிடம். 0.5, 0.25, 0.125, 0.05 ஆகியவற்றைப் பெரியதிலிருந்து வரிசைப்படுத்துவது ஒன்று. ஜாப் கார்டில் உள்ள நான்கு வரியைப் படித்துவிட்டு முதலில் என்ன செய்வாய் என்று சொல்வது ஒன்று. நேற்று செய்த வேலையை மூன்று வரியில் எழுதுவது ஒன்று. பிறகு ஸ்டீல் ரூலில் ஒரு துண்டை 0இல் வைத்தும், 30 மி.மீ. கோட்டில் வைத்தும் நீளம் சொல்வது.

கடைசியாகச் சொன்னதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பிரதம் அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஏசர் கல்வி நிலை ஆய்வு 26 மாநிலங்களின் 28 கிராமப்புற மாவட்டங்களில், 14 முதல் 18 வயதுள்ள 34,745 பேரைச் சந்தித்தது. பொருளின் முனை 0இல் இருக்கும்போது ஏறக்குறைய 85 சதவீதம் பேர் நீளத்தைச் சரியாகச் சொன்னார்கள். முனையை வேறு இடத்துக்கு நகர்த்தியதும் அது 39 சதவீதமாக விழுந்துவிட்டது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதம். நம் நிலையங்களுக்குள் வருகிற வயதும் இதே வயதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பையில் இருப்பதால் இதெல்லாம் இருக்கும் என்று நாம் வைத்துக்கொள்கிறோம்.

மதிப்பெண் போடாமல், உதவியின் அளவைக் குறித்துக்கொண்டேன். தானாகச் செய்தான், ஒரு குறிப்பு கொடுத்த பிறகு செய்தான், கூடவே இருந்தால்தான் செய்தான் என்று மூன்று குறி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் தொழிற்கல்விக்குப் பயன்படுத்தும் மையத் திறன் சட்டகம் கற்றல், வாசித்தல், எழுதுதல், வாய்மொழித் தொடர்பு, எண்ணறிவு என ஐந்து திறன்களை ஐந்து நிலைகளில் பார்க்கிறது. நிலையை முடிவு செய்யும்போது எவ்வளவு உதவி தேவைப்பட்டது, சூழல் பழகியதா, படிக்க வேண்டியது எவ்வளவு சிக்கல், வேலை எவ்வளவு சிக்கல் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. 'தெரியும், தெரியாது' என்ற இரண்டு கட்டத்தைவிட இது வாத்தியாருக்கு எவ்வளவோ உதவி.

நம் பையன் 0.125தான் பெரியது என்றான். 125 பெரிய எண்ணாயிற்றே. அடுத்து 0.25. பிறகு 0.5ஐயும் 0.05ஐயும் ஒன்று என்றான். அவன் மட்டும் இல்லை, அந்த பேட்சின் 20 பேரில் வேறு சிலரும் இப்படித்தான் வரிசைப்படுத்தினார்கள். அவர்களையும் நான் 'கவனம் இல்லாதவர்கள்' பட்டியலில் வைத்திருந்தேன்.

ஏன் இப்படி வருகிறது என்று யோசித்தபோது, அவர்கள் தினமும் பார்க்கும் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. கிரிக்கெட்டில் 4.5 ஓவருக்கு அடுத்த பந்து போட்டால் 5 ஓவர். பஸ் 9.45க்கு என்றால் கால் மணியில் 10. உயரம் 5.9 என்பவனைவிட 5.10 என்பவன் ஒரு இஞ்ச் உசரம். இங்கெல்லாம் புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் ஒரு பங்கு இல்லை, பந்து, நிமிடம், இஞ்ச் என்று வேறு ஒரு அலகின் எண்ணிக்கை. அவர்கள் வாழ்க்கையில் அதிகம் பார்த்த புள்ளி அதுதான். 12ஆவது கோட்டை 24.12 என்று எழுதுவதில் அவர்களுக்கு ஒரு நெருடலும் இருக்காது.

சொல்லிக்கொடுத்தது, பலிக்காதது, பலித்தது

முதலில் வழக்கமான வழியில் போனேன். தசமப் பெருக்கல் கணக்கு முப்பது கொடுத்தேன். இரண்டு நாளில் நோட்டில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஜாப்பைப் பிடிக்கும் வைஸுக்குத் திரும்பினால் மறுபடி 24.7. நோட்டில் அவன் செய்தது, இலக்கத்தை எண்ணிப் புள்ளி வைக்கும் சடங்கு. அதற்கும் கையில் இருக்கும் இரும்புக்கும் தொடர்பு ஏற்படவில்லை.

அடுத்து ரூபாய், பைசா. நான் தசமம் கற்றது அப்படித்தான். அது சுத்தமாக எடுபடவில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. இந்தப் பிள்ளைகள் பைசாவைக் கொடுத்து வாங்கிய தலைமுறை இல்லை. பாடப்புத்தக உதாரணத்துக்கும் ஆயுள் உண்டு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வழி திறந்தது பேச்சுவாக்கில். சாயங்காலம் என்னப்பா பண்ணுவே என்று கேட்டபோது, மாமாவின் மளிகைக் கடையில் பொட்டலம் போடுவதாகச் சொன்னான். அங்கே எலக்ட்ரானிக் தராசு. கால் கிலோ துவரம்பருப்பு போட்டா தராசு என்ன காட்டும் என்று கேட்டேன்.

"0.250 சார்."

"அரை கிலோ?"

"0.500."

"ஐம்பது கிராம் மிளகு?"

"0.050."

மூன்றையும் எழுதச் சொல்லி, கடைசியில் நிற்கும் பூஜ்யங்களை அடிக்கச் சொன்னேன். 0.25, 0.5, 0.05. முந்தின வாரம் அவன் தப்பாக வரிசைப்படுத்திய அதே எண்கள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அரை கிலோ எப்படி சார் கால் கிலோவை விடக் கம்மியாகும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அரைக்கால் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். 125 கிராம் என்றான். 0.125 தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

கிலோவிலிருந்து மில்லிமீட்டருக்கு வர விரலைப் பயன்படுத்தினோம். ஃபீலர் கேஜிலிருந்து (வெவ்வேறு தடிமனில் மெல்லிய தகடுகள் கொண்ட கருவி) 0.05, 0.10, 0.50 மி.மீ. தகடுகளைப் பிரித்து, எண்ணை மறைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லச் சொன்னேன். 0.05 தகடு காற்றில் ஆடும், 0.50 விறைத்து நிற்கும். புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் கூடினால் தகடு என்ன ஆகிறது என்பதை விரல் கற்றுக்கொண்டது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஃபீலர் கேஜ் இருக்கிறது. பிறகு கரும்பலகையில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டு, இதுதான் ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டு பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரித்தோம். 0.98ஐயும் 0.49ஐயும் அவனே போய்க் குறித்தான். ஜாப் கெட்டுப்போனதாக நினைத்த இடத்துக்கும் ஜாப் உண்மையில் இருந்த இடத்துக்கும் நடுவில், பலகையில் அரை மீட்டர் இடைவெளி.

இன்னொரு மாற்றமும் செய்தேன். வெர்னியரைத் தொடும் முன் ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு விஷயம் எழுத வேண்டும்: இந்தக் கருவியின் லீஸ்ட் கவுண்ட் என்ன, அளவு சுமார் எவ்வளவு இருக்கும். 32.8ஐப் பார்த்து அவனே அடித்தான் இல்லையா, அந்தப் புத்தியை எல்லாருக்கும் பழக்கமாக்குவதற்காக.

ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் நடத்தும் சக ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வகுப்பில் அலகு இல்லாத கணக்குகளாகவே தசமம் நடந்திருக்கிறது, நான் என் வகுப்பில் கணக்கு இல்லாத அளவீடாக வெர்னியரை நடத்தியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். நான் ஜாப்பைப் பார்க்கும்போது அவர் கணக்கைப் பார்த்தார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2004இல் பத்துக் கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கிய ஐ-பெஸ்ட் திட்டத்தின் அடிப்படையே இதுதான். தொழில் ஆசிரியரும் அடிப்படைத் திறன் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்பார்கள். முதலில் கணக்கைத் தேற்றிவிட்டு அப்புறம் தொழிலுக்கு வா என்று யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. எங்களுக்குக் கிடைத்தது வாரத்தில் ஒரு மணி நேரம்தான். அதற்கே பலன் தெரிந்தது.

மறு மதிப்பீடு

ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தேன். இந்த முறை எண் பொறித்த கோட்டில் ஓர் அளவும் விழாதபடி பார்த்துக்கொண்டேன். பத்து அளவில் ஒன்று தவிர எல்லாம் தானாகவே சரியாகச் சொன்னான். தவறிய ஒன்றையும் சுமார் அளவோடு ஒப்பிட்டு அவனே திருத்தினான். ஒரே கருவியில் பழகியதை மட்டும் ஒப்பிக்கிறானா என்று அறிய, 0.05 லீஸ்ட் கவுண்ட் உள்ள 20 கோட்டு வெர்னியரைக் கொடுத்தேன். வாங்கியதும் அளக்கவில்லை. கோடுகளை எண்ணினான். "இது வேற சார், 0.05" என்றான். அப்புறம்தான் ஜாப்பை வைத்தான். மெயின் ஸ்கேல் 31, கோடு 13, விடை 31.65. மைக்ரோமீட்டரில் 5.78ஐ முதலில் 5.28 என்று படித்தான். ஸ்லீவில் (கருவியின் அசையாத உருளையில்) தெரியும் அரை மில்லி கோட்டை விட்டுவிட்டான். ஒரு குறிப்பு கொடுத்ததும் பிடித்துக்கொண்டான். அந்தத் தவறு மைக்ரோமீட்டருக்குப் புதிதாக வரும் எல்லோரும் செய்வது. பழைய தவறு இல்லை.

எழுத்தில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை. நேற்று என்ன செய்தாய் என்று வாயால் கேட்டால் வரிசை மாறாமல் சொல்கிறான். எழுதச் சொன்னால் 'ஃபைலிங் செய்தேன்' என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு எண்ணுக்குக் கொடுத்த நேரத்தை நான் கொடுக்கவில்லை. அவன் சொல்வதை போனில் பதிவு செய்து, அதையே கேட்டு எழுதும் பழக்கத்தை இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம்.

இறுதித் தேர்வு இதையெல்லாம் பிடிக்குமா என்று கேட்டால், அகில இந்தியத் தொழில் தேர்வில் செய்முறைக்குத் தேர்ச்சி 60 சதவீதம், எழுத்துத் தாள்களுக்கு 33. கேள்விகள் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சராசரியாக நான்கில் ஒன்று சரியாகிவிடும் என்னும்போது, 25க்கும் 33க்கும் நடுவில் உள்ள தூரம் மிகவும் சிறியது. தசமம் தெரியாமலே ஒரு பையன் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். தேர்வைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆண்டு முழுவதும் நாம் போடும் உள் மதிப்பீடு ஒன்றுதான் இதைக் கண்டுபிடிக்கக்கூடிய இடம். அதையும் ரிஜிஸ்டர் நிரப்பும் வேலையாக ஆக்கிவிட்டால் பிறகு பிடிப்பதற்கு வழியே இல்லை.

தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் தொழில் 4.0 (கணினி, தானியங்கி சார்ந்த உற்பத்தி) மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். புது மெஷின்கள் வருவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கணினி கட்டுப்படுத்தும் சி.என்.சி. மெஷினில் புள்ளியின் மதிப்பு இன்னும் கூடுகிறது. பல கன்ட்ரோல்களில், செட்டிங்கைப் பொறுத்து, 24 என்று புள்ளி வைக்காமல் அடித்தால் மெஷின் அதை 24 மைக்ரான் (0.024 மி.மீ.) என்று எடுத்துக்கொள்ளும், 24. என்று புள்ளி வைத்தால்தான் 24 மில்லி. அரத்தில் தப்பு செய்தால் ஒரு பீஸ் போகும். அங்கே டூல் போகும், ஆளுக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

அந்த 23.98 பீஸ் இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வெர்னியர் பாடத்தின் முதல் நாள் அதை எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்து, அளவைத் தனித்தனியாகத் துண்டுத் தாளில் எழுதி வாங்குகிறேன், பெயர் இல்லாமல். ஸ்கிராப் பெட்டியையும் வெள்ளிக்கிழமைதோறும் கொட்டி, கிடக்கும் ஜாப் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கிறேன். நல்ல அளவில் ஒன்று கிடைத்தால் ரோல் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை அவன் பெஞ்சுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.